சாவி ரொட்டிக்கடையில்

கோட்டைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது:
"சாவி ரொட்டிக்கடையில்.
இரண்டிலிருந்து ஐந்து வரை
தயவுசெய்து கதவைத் தட்டாதீர்கள்."
மணி இரண்டேகால்.

சோரியா மேட்டுநிலத்தில்
இன்று எங்களுக்கு இது மூன்றாவது.
முதல் கோட்டையில் நாரைக்கூடுகளும்
பூட்டிய கழிப்பறையும்.
இரண்டாவதில் யாருக்கோ கல்யாணம்.
அகழிக்குள் கார்களை நிறுத்தியிருந்தார்கள்.
மாப்பிள்ளையின் மாமா எங்களையும் உறவென்று எண்ணி
ஆளுக்கொரு கோப்பை நீட்டினார்.
எலாதியோ மறுக்கவில்லை.
வண்டி ஓட்டுவது நான்.

என் வேலை விரிசல் பார்ப்பது.
விரிசலின் குறுக்கே
உள்ளங்கை அகலத்துக்கு ஜிப்சம் பூசி
ஈரம் காயுமுன் தேதியைக் கீறிவிட்டு வருவோம்.
சுவர் அசைந்தால் பூச்சு பிளக்கும்.
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர்
சாட்சி.

மூன்று மணிக்கு
மதிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த எலாதியோ சொன்னான்:
"இடப்பக்கம் இருபதடி தள்ளிச் சுவரே இல்லை.
ஆடுகள் போய்வந்துகொண்டிருக்கின்றன.
வா."
நான் போகவில்லை.
பூட்டியிருக்கிறதே என்றேன்.
அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு
நிழலில் படுத்தான்.
தைம் செடிகளின் வாசம். எங்கோ ஒரு டிராக்டர்.
எதிர்க்குன்றில்
முன்பு பகைநாடாக இருந்த பக்கத்தில்
காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.
இந்தப் பக்கமும் அதே கம்பெனிதான்.

ஐந்தரைக்கு ஒப்துலியா வந்தாள்.
காதோரம் மாவு.
முழங்கை நீளச் சாவி,
கேக் பெட்டி கட்டும் சிவப்பு நாடாவில்.
"எல்லாரும் அந்த ஓட்டை வழியாகத்தான் போகிறார்கள்.
இந்த வருஷம் இந்தக் கதவைத் திறப்பது இரண்டாம் தடவை."
முதல் தடவை?
"ஜனவரியில். பூட்டுக்கு எண்ணெய் போட
நான்தான் வந்தேன்."

சரி, அந்தச் சுவர் எங்கே போனது?
தாடையால் கீழே ஊரைக் காட்டினாள்.
தேவாலயப் படி. பள்ளிக்கூடம்.
தபால்காரன் வீட்டு ஜன்னலடியில்
தலைகீழாக ஒரு சிங்கம்.
"என் அடுப்புக்கு அடியில் பதினான்கு கல்."

எந்தப் படையாலும் ஆகாத காரியம்.
உழிஞை சூடி வந்தவர்கள்
குதிரைகளைத் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.
நொச்சி சூடி நின்றவர்கள்
உள்ளேயே கிடந்து பல் கொட்டினார்கள்.
பிறகுதான் வந்தான்
பன்றிக்கொரு தொழுவம் தேவைப்பட்டவன்,
ஒற்றைச்சக்கர வண்டியோடு,
கொம்பு ஊதாமல்.

கோபுரத்தின் உள்ளே, வடக்குச் சுவரில்
ஒரு சாட்சி ஏற்கெனவே இருந்தது.
1998, அக்டோபர்.
கீழே இரண்டெழுத்து.
என் எழுத்து.
இங்கே வந்ததாகவே நினைவில்லை எனக்கு.
அந்த வருஷம் ஒரே மாதத்தில் பத்தொன்பது கோபுரங்கள்,
எல்லாவற்றிலும் மழை.

பூச்சு பிளக்கவில்லை. ஒரு மயிரிழைகூட.
"அசையவில்லை," என்றான் எலாதியோ, நோட்டை விரித்தபடி.
நான் விரல் முட்டியால் தட்டினேன்.
இடப்பாதி கல்லென்று ஒலித்தது.
வலப்பாதி
வெறும் பெட்டிபோல.

எப்போதோ பிடியை விட்டிருக்கிறது.
சுவர் தன்பாட்டுக்கு விலகிப்போய்க்கொண்டிருக்க
ஒரு கையால் மட்டும் தொற்றிக்கொண்டு
ஒன்றும் நடக்கவில்லை என்று
இத்தனை காலமும் சொல்லிவந்திருக்கிறது,
என் கையெழுத்தில்.

இடைவெளிக்குள் பேனா மூடி போனது.
பிறகு பேனாவும்.

"இடிந்துவிடுமா?" என்றாள் ஒப்துலியா.
அவள் குரலில் பயமில்லை.
எத்தனை கல் தேறும் என்று
ஒரு கணக்கு ஓடியதாகக்கூட இருக்கலாம்.
இப்போதைக்கு இல்லை என்றேன்.
புதிதாக ஒன்று பூசினேன்.
தேதி கீறினேன்.
பெயர் போடும் இடத்தில் கை சற்று நின்றது;
போட்டேன்.

வெளியே வந்ததும் அவள் கதவை இழுத்துச் சாத்தி
சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி
பூட்டை அசைத்துப் பார்த்தாள்.
இன்னொரு தடவையும் பார்த்தாள்.
இடப்பக்க ஓட்டை வழியாக
ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

ரொட்டி ஒன்று எண்பது.
சில்லறை இல்லை என்றாள்.