மூடிய வங்கியின் கண்ணாடி

சுவரெல்லாம் கண்ணாடி பதித்த நடன அறைக்கு
மணிக்கு நாற்பது பொலிவியானோ.
வங்கிக் கண்ணாடிக்கு ஒன்றுமில்லை.
ஐந்தரைக்குக் கதவைப் பூட்டுவார்கள்,
ஆறுக்கு நாங்கள் வருவோம்,
சீருடைக்கு மேல் ஸ்வெட்டர்,
அதற்கு மேல் அக்காளுடைய ஸ்வெட்டர்.

எல் ஆல்ட்டோவில் மூச்சு விடுவதே ஒரு வேலை.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
மூன்று நிமிடப் பாட்டுக்கு ஆடிப் பாருங்கள்,
இரண்டாம் சரணத்தில்
நுரையீரல் கையெடுத்துக் கும்பிடும்.

சியோலில் அதை ஆடுகிறவர்கள் ஏழு பேர்.
நாங்களும் ஏழு பேராகத்தான் இருந்தோம்.
லிஸ்பெத் தலைவி, ஸ்பீக்கர் அவள் வீட்டுடையது என்பதால்.
தயானா தனக்குக் கொரிய மொழி தெரியும் என்பாள்.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில்
ஒலியை ஒலியாகவே எழுதிவைத்திருக்கிறாள்,
பொருளுக்கு இடம் விடவில்லை.
யோசெலின், வாரா: ஒருத்தி தும்மினால்
மற்றவள் மூக்கைத் துடைப்பாள்.
ப்ரிசா எப்போதும் அரை நொடி முந்துவாள்.
நான் ஓரம்.
ஓரத்துக்கும் ஓர் ஆள் வேண்டுமே.
நடுவில் மிலென்கா.

மார்ச் மாதம் மிலென்கா
சித்தியோடு சிலிக்குப் பேருந்து ஏறிவிட்டாள்,
இக்கீக்கே துறைமுகத்தில் துணிக்கடை வேலை.
எங்களிடம் சொல்லவில்லை.
'மிலென்கா வெளியேறினார்' என்று
வாட்ஸ்அப்பில் ஒரு சாம்பல் வரி, அவ்வளவுதான்.

நடுவில் யார் என்று இரண்டு வாரம் சண்டை.
லிஸ்பெத் நான் என்றாள், ப்ரிசா நான்தான் என்றாள்,
கடைசியில் ஒருவரும் நிற்கவில்லை.
விழுந்த பல்லின் பள்ளத்தை நாக்கு சுற்றுவதுபோல
அந்த இடத்தைச் சுற்றியே ஆடினோம்.

சான் ஹுவான் இரவுக்கு முந்தின வாரம்.
ஊதாச் சோளக் கஞ்சி விற்கிறவள்கூட
அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.
தலைக்கு மேல் கேபிள் கார்ப் பெட்டிகள்,
வேலை முடிந்து போகிறவர்கள்
எங்கள் உச்சந்தலைகளை மட்டும் பார்த்தபடி போனார்கள்.
தெருவிளக்கு எங்கள் பக்கம், இருட்டு வங்கிப் பக்கம்.
அதனால்தான் கண்ணாடியில் நாங்கள் இருந்தோம்.

திடீரென்று உள்ளே விளக்கு எரிந்தது.
நாங்கள் காணாமல் போனோம்.

எங்களுக்குப் பதிலாக
பணம் எண்ணும் மேசைகள், கயிறு கட்டிய பேனாக்கள்,
வாடத் தெரியாத பிளாஸ்டிக் செடி,
செடியருகே இரவுக் காவலாளி.
பத்தொன்பது வயதிருக்கும்.
தொப்பி அவனைவிட மூத்தது.
இடுப்பில் சாவிக்கொத்து குதிக்க
ஆடிக்கொண்டிருந்தான்.

நடுவில்.
சரியாக மிலென்காவின் இடத்தில்.
எங்களைப் பார்த்துப் பார்த்தே கற்றவன்,
எங்கள் வலது அவனுக்கு இடது,
பிம்பம் போலவே பொருந்தினான்.
சுழன்று நிற்கும்போது மிலென்கா
நெற்றி முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குவாள்.
அது நடனத்தில் இல்லை, அவளிடம் இருந்தது.
ஒட்ட வெட்டிய தலையில்
இல்லாத முடியை அவனும் ஒதுக்கினான்.

அப்படியென்றால் மார்ச்சுக்கும் முன்னாலிருந்தே.

அசைவு கண்டால் தானே எரியும் விளக்காம் அது,
அன்றைக்குத்தான் மாட்டினார்களாம்,
அவனுக்கு யாரும் சொல்லவில்லை போல.
எங்களைப் பார்த்துவிட்டான்.
தூக்கிய கை தூக்கியபடி நின்றான்.
அசையாமல் நின்றால்தான் அணையும்.
நாங்களும் நின்றோம், ஏனென்று தெரியாமல்.
பாட்டு மட்டும் ஆளில்லாமல் ஓடியது.
ப்ரிசா சிரிக்கப்போகிறாள் என்று பயந்தேன்.
சிரிக்கவில்லை.

விளக்கு அணைந்தது.
மறுபடி நாங்கள் ஆறு பேர்,
எங்கள் வாய்களிலிருந்து ஆறு புகை.

மறுநாள் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.
ஆனால் ப்ரிசா ஸ்பீக்கரை எடுத்து
கண்ணாடியை ஒட்டி, வங்கியைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.
இத்தனை மாதமும் அவனுக்குப் பாட்டே கேட்டிருக்காது என்பது
அப்போதுதான் உறைத்தது எனக்கு.

லிஸ்பெத்துக்கு மட்டும் குறை,
சத்தம் போதவில்லையாம்.