காயாத ஊர்

வால்டிவியாவில் ஜூன் மாதம்
தாளில் வைத்த நீலம் காய
ஒரு முழு மதியம் வேண்டும்.
விறகடுப்பின் மேல் பிடித்தால் தாள் வளையும்.
ஊதினால் மூக்குக்கண்ணாடிதான் மங்கும்.
எனக்கோ பொறுமை
எறும்பின் நிழலளவு.

பகலில் நான் பல் செய்கிறவள்.
பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து
அடுத்தவர் வாய்க்கு வெள்ளை தேடுகிறவள்.
வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு.
வங்கிக்காரர்கள் மட்டும்
ஒரே வெள்ளையைக் கேட்பார்கள்.

மாலையில் மீன்சந்தைப் படித்துறை.
தராசடியில் கொட்டும் குடலுக்காகக்
கடற்சிங்கங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும்.
ஈர முதுகு பழுப்பா, கறுப்பா, ஊதாவா
என்று யோசிப்பதற்குள் மழை வந்து
கேள்வியைக் கரைத்துவிடும்.

அடுத்தவர் மாதிரி வரைந்த வருடங்கள் உண்டு.
மூடுபனிக்கு ஒருவர் மாதிரி,
தகரக் கூரைக்கு இன்னொருவர் மாதிரி.
கண்காட்சியில் ஒருவர் தோளைத் தட்டி
"இதை எங்கோ பார்த்திருக்கிறேன்" என்றார்.
பாராட்டு என்று நினைத்து
வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.
பூட்ஸைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

பெலிசாரியோ தன் பழைய டேப்லெட்டைப்
பாதி விலைக்குக் கொடுத்தான்.
ஓரத்தில் கீறல். பேனா முனை தேய்ந்தது.
உள்ளே ஒரு தூரிகை, பெயர் ஈரம்.
விரல் சொன்னால் பரவும், சொன்னால் நிற்கும்.
தப்பினால் இரண்டு தட்டு;
நடக்கவே இல்லை என்று சத்தியம் செய்யும் திரை.
முதல் வாரம் நான் கடவுள்.
இரண்டாம் வாரம்
நாற்பது முறை அழித்த ஒரே கடற்சிங்கம்
யார் இவள் என்று என்னைப் பார்த்தது.

அப்புறம் ஒரு ராத்திரி,
மின்சாரம் போய்
திரை மட்டும் வெளிச்சமாய் இருந்தபோது
பெரிதாக்கிப் பார்த்தேன்.
முதுகுக்கும் ஆற்றுக்கும் நடுவே
வெள்ளையாய் ஒரு கோடு.
படகைத் தொடாத கயிறு.
கூரையைத் தொடாத வானம்.

தாளில் அது எனக்குப் பழக்கம்.
காயும்வரை காத்திருக்க மாட்டாமல்
ஈரத்துக்கும் ஈரத்துக்கும் நடுவே
ஒரு வரப்பு விட்டுவிடுவேன்.
இங்கே எது ஈரம்?
கண்ணாடிமேல் காய என்ன இருக்கிறது?
கை எதற்குப் பயந்தது?

நிரப்பிப் பார்த்தேன்.
படம் அழகாகத்தான் இருந்தது.
கீழே யார் வேண்டுமானாலும்
கையெழுத்துப் போடலாம் போல இருந்தது.
இரண்டு தட்டு. வரப்பு திரும்பி வந்தது.

படகோட்டி எலெவுத்தேரியோ போன மாதம்
நான் செய்த பல்வரிசையைத் திருப்பி அனுப்பியிருந்தார்.
முன்பல் இடுக்கை நான் அடைத்துவிட்டேனாம்,
சீழ்க்கை வரவில்லையாம்.
முணுமுணுத்துக்கொண்டேதான் அறுத்துக் கொடுத்தேன்.

இன்று ஞாயிறு. மழை.
தாளை ஒட்டிவைத்துக்
கோடு விட்டு வரைகிறேன்.
அவசரம் ஒன்றும் இல்லை,
அடுப்பில் விறகு இருக்கிறது, மதியம் முழுக்க இருக்கிறது.
கூரை ஒழுகி ஒரு சொட்டு
குறிவைத்ததுபோல அந்த வெள்ளையில் விழுந்தது.
ஆறு முதுகுக்குள் ஏறியது.

என் விரல் தானாகத்
தாளைத் தட்டிற்று,
இரண்டு முறை.