மாங்கா ஆக்வா

தெற்குத்தெரு கல் பட்டறையில்
பாலீஷ் மெஷினின் சின்னத் திரை
இத்தாலியன் மட்டும்தான் பேசும்.
மொழியை மாற்றும் இடம்
எங்கோ உள்ளே இருக்கிறதாம்,
அதுவும் இத்தாலியனில்.

சிவப்பு விளக்கு எரிந்தால் அது சொல்வது
'மாங்கா ஆக்வா.'
மாங்காய் கேட்குது என்பான்
கிரேன் ஓட்டும் வீரணன்.
ஒருநாள் நிஜமாகவே
உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி
ஒரு கீற்றைப் பொத்தான்கள்மேல் வைத்தான்.
தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.
கண்டுபிடித்தது நான்,
கணக்கு எழுதுகிறவள்.
மெஷின் பக்கம் எனக்கு வேலையே கிடையாது.

அன்று இரவு சிம்மக்கல் அறையில்
ஃபோனைச் சொம்பில் சாய்த்துவைத்து
முதல் தொடரைப் போட்டேன்.
துறைமுக ஊர். மழை. ஓர் இன்ஸ்பெக்டர்.
எவனையோ எவனோ கொன்றுவிடுகிறான்
எல்லா வாரமும்.
கீழே ஓடும் ஆங்கில எழுத்தைக்
கிழிந்த காலண்டர் அட்டையால் மறைத்தேன்.

பதினோரு வாரத்தில் எனக்குப் பேச வந்தவை:
நேற்றிரவு எங்கே இருந்தாய்.
பிணத்தை யாரும் தொடாதீர்கள்.
அவள் என்னை விட்டுப் போய்விட்டாள்.
உப்புக்கு என்ன சொல் என்று தெரியாது.

கஷ்டமில்லை என்றால் நம்புவீர்களா.
பாலு, பல்லு, பஸ்ஸு என்று நாம் சொல்வதுபோல
அவர்களும் சொல்லை
உயிரில் கொண்டுபோய்த்தான் இறக்குகிறார்கள்.
'வேங்கோ' என்றால் வருகிறேன்.
நான் என்று தனியாக ஒரு சொல் வேண்டாம்,
வாலைப் பிடித்தால் ஆள் தெரிந்துவிடும்.
ஸோனோ என்றால் இருக்கிறேன்.
ஸோன்னோ என்றால் தூக்கம்.
இரவு ஒரு மணிக்குமேல்
அந்த ஒற்று தானாக மிகும்.

மார்ச்சில் மெஷின் நின்றது.
வெரோனா பக்கமிருந்து ரெனாத்தோ வந்தார்.
மூடியைக் கழற்றியது யார் என்று
ஆங்கிலத்தில் தடவிக்கொண்டிருந்தார்.
உதவலாமே என்று வாயைத் திறந்தேன்,
எனக்கு வருவதுதானே வரும்:
'தோவ் ஏரி யேரி ஸேரா?'
நேற்றிரவு எங்கே இருந்தாய்?
ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு
இரண்டு கையையும் தூக்கினார் மனுஷன்.
காரணம் புரியாமல்
வீரணனும் தூக்கினான்.

அதோடு கொலையை விட்டுச்
சினிமாவுக்கு மாறினேன்.
சினிமாவில் அவர்கள் பேசுவதில்லை.
ஜன்னலைப் பார்க்கிறார்கள்.
டேட்டா போனதுதான் மிச்சம்.

பிறகு ஓர் ஆவணப்படம்.
வெள்ளைக் கல் வெட்டும் மலை.
ஆட்கள் நம் ஆட்கள் மாதிரியே
கல்லைத் தட்டிவிட்டுக்
காதை வைக்கிறார்கள்.
ஒரு கிழவர் கேமராவைப் பார்க்காமல்
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்,
'போல்வெரே' என்று மூன்று தடவை வந்தது.
அட்டையை எடுக்கப் போனேன்.
அதற்குள் இருமினார்.
எடுக்கவில்லை.

அந்த இருமலை எனக்குத் தெரியும்.
சனிக்கிழமை வவுச்சருக்கு வரும் சேவுகன்
துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு
என் மேஜைக்கு எதிரே நின்று இருமுவார்.
நான் தலை நிமிராமல்
தொகையை எழுத்தால் எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை நிமிர்ந்தேன்.
'மாஸ்க் கேட்கட்டுமாண்ணே, முதலாளிகிட்ட?'
தமிழில்தான்.
தமிழில் எனக்கு அது
புது வாக்கியம்.

பார்க்கலாம் என்றார் முதலாளி.
அதற்கும் அங்கே சொல் இருக்கிறது, 'வெதியாமோ'.
இன்ஸ்பெக்டர் அதைச் சொல்லிவிட்டால்
அந்த வாரம் எவனும் பிடிபடமாட்டான்.
இன்னொரு தடவை கேட்கவேண்டும்.
திங்கட்கிழமை.

திங்கட்கிழமை
யானைக்கல் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
கீழே வைகை.
ஆகாயத்தாமரை, நாலு எருமை,
மணலில் காயும் ஹோட்டல் மேஜைவிரிப்புகள்.
வாய் தானாகச் சொன்னது,
மாங்கா ஆக்வா.

பக்கத்து சீட்டில்
யூனிஃபார்ம் போட்ட குட்டிப் பையன்
என் கைப்பையையே பார்த்தான்.
'எங்க?' என்றான்.