எட்டாம் வகுப்பு பி, சைக்கிள் ஸ்டாண்ட்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஓடு பிரித்தார்கள்.
"ரெண்டே மாசமுங் டீச்சர்" என்றார் கான்ட்ராக்டர்.
தைநோம்பியும் வந்து போனது.
சைக்கிள் ஸ்டாண்டின் தகரத்துக்குக் கீழே
நாங்கள், எட்டாம் வகுப்பு பி.
கரும்பலகைக்கு அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு ஏ.

ஒரே பலகைதான்.
முன்புறம் என் வேற்றுமை உருபுகள்,
பின்புறம் சுகுணா டீச்சரின் பின்னங்கள்.
அவர் வகுத்தல் கோட்டை அழுத்திப் போட்டால்
இங்கே நான்காம் வேற்றுமை நடுங்கும்.

வருகைப் பதிவேட்டைத் தட்டினால் சிமெண்ட் கொட்டும்.
சத்துணவு முட்டையைக் கடித்தால் நறநற.
பெண்பிள்ளைகளை இரண்டிரண்டு பேராய்
அங்கன்வாடிக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு
அவர்கள் திரும்பும்வரை என் பாதிக் காது ரோட்டில் இருக்கும்.
தலைமையாசிரியை சாமியாத்தாள் தினம் மூன்று முறை போன் போடுவார்.
"ஆளனுப்பறனுங்" என்று மறுமுனை சொல்லும்.
யாரும் வரமாட்டார்கள்.

இதெல்லாம் பொறுக்கலாம்.
அந்தத் துளைக்கிற மிஷினைத்தான்.
பத்தேகாலுக்கு ஆரம்பிப்பான்
ஒடிசாவிலிருந்து வந்த பையன், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு.
என் காதுக்குப் பஞ்சு இல்லை.
நான் தாராபுரத்துக்காரி. கத்திக் கத்தித் தொண்டை கட்டி
ஒரு வாரம் மிளகும் பனங்கற்கண்டும்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
சோமனூர்ப் பிள்ளைகள்.
எட்டுத் தறி ஓடுகிற வீட்டில் தொட்டிலில் தூங்கியவர்கள்.
"எதுக்குங் டீச்சர் கத்தறீங்க,
வாயை நல்லாத் தொறந்து பேசுங்க, நாங்க பார்த்துக்கறம்"
என்றாள் பூவிழி.
அவள் அம்மா தறிக்கு அக்கட்டால நின்று
சோறு தின்னாச்சா என்று கேட்பது
உதட்டாலும் இரண்டு விரலாலும்தானாம்.

அப்புறம் நானும் அப்படியே நடத்தினேன்.
ஆய்த எழுத்துக்கு மூன்று விரல்.
ழகரத்துக்கு நாக்கைக் காட்ட முடியாதே,
வளைத்த சுண்டுவிரல்.

நவநீதன் மூன்றாம் வரிசை, கம்பியோரம்.
"உள்ளேன் டீச்சர்" அவனுக்கு உகரத்திலேயே நின்றுவிடும்.
கையை மட்டும் தூக்குவான்.
நான் அவனை வாசிக்கச் சொல்வதில்லை.
அதை இரக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை, மிஷின் ஓடிக்கொண்டிருக்க,
வரிசையாய் எழுந்து உதடசைத்து உட்கார்ந்தார்கள்.
யாருக்கும் எதுவும் கேட்காது.
அவன் முறை. நான் சொல்லவில்லை, எழுந்தான்.
பாவு இழுத்தாற்போல் தடங்கலில்லாமல் ஓடியது உதடு.
ஒரு சொல்கூட இரண்டு தரம் வரவில்லை.

கரண்ட் போனது.

"குளம் வெட்டியவன் பெயர் கல்வெட்டில் இல்லை"
என்கிற பாடவரி, அவன் குரலில்,
தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது.
பலகைக்கு அப்பால் பின்னங்களும் நின்றன.
உடைந்துகொண்டிருக்கும் கட்டைக்குரல்.
அப்படியிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
அவனுக்கே தெரியாது போல, காதைத் தொட்டுப் பார்த்தான்.
அடுத்த சொல் முதலெழுத்திலேயே மாட்டிக்கொண்டது.
யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான்.
ரித்தீஷ் சிரித்தான்.
கரண்ட் வந்தது.

மாசியில் ரிப்பன் வெட்டினார்கள்.
வழுக்குகிற டைல்ஸ், சத்தமே போடாத மின்விசிறி.
என் செருப்பு எனக்கே கேட்கிறது.
நவநீதன் முறை வந்தது.
"ம" என்றான். "ம" என்றான்.
மேலுதட்டில் வேர்வை.
உட்காருப்பா என்று சொல்ல வாயெடுத்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து
டுர்ர்ர்ர்ர்.
அன்றைக்குச் சிரித்தவன்தான்.
பூவிழி சேர்ந்துகொண்டாள்,
பெஞ்சு பெஞ்சாய்ப் பரவி
நாற்பத்தொரு வாய்களும் சுவரைத் துளைக்கின்றன,
நடுவில் நின்று அவன் வாசிக்கிறான்.

சாமியாத்தாள் டீச்சர் வாசலுக்கு ஓடிவந்து
என்ன கூத்து இது என்று கையால் கேட்டார்.
சுண்டுவிரலை வளைத்துக் காட்டினேன்.
அவருக்குப் புரியவில்லை.
ஆபீஸ் ரூமை யாரும் இடிக்கவே இல்லையே.