சுவருக்குக் கீழே

முதலில் சத்தம்தான்.
ஊற்றிய தண்ணீர் உடனே இறங்கவில்லை.
சொல்லலாமா வேண்டாமா என்று
தொண்டைக்குள் உருட்டுகிறவனைப் போல்
களக், களக் என்று நின்று
பிறகு மெல்லப் போனது.
குழாயில் காற்று என்றார் பூபாலன்.
இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு வாடை.
உம்சிண்டோவில் எல்லா வாடைக்கும் ஒரே பதில்தான்:
ஆலை.
கரும்பு அரைக்கும் மாதங்களில்
செசெலாப் பக்கத்துக் காற்று
புளித்த வெல்லம்போல் வந்து படியும்.
இது வெல்லமில்லை.
காற்று கடலைப் பார்த்து வீசிய நாளிலும்
ஆலைதான் என்றார்.

அப்புறம் புல்.
ஜூலையில் இங்கே மழை கிடையாது,
முற்றம் முழுக்கக் காக்கி.
சுவரோரம் மட்டும் நாலு முழத்துக்கு
அப்படியொரு பச்சை.
நான் தண்ணீர் விடவில்லை.
கால் வைத்தால் புது மெத்தைபோல் அமுங்கியது.
பூசணிக்காயையாவது சோற்றில் மறைக்கலாம்,
இதை எதில் மறைப்பது?

சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
ஆறு வருடத்துக்கு முன்
அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது
டர்பன் வக்கீல் எல்லாவற்றையும் எழுதினார்:
இரண்டு வீடு, லிச்சி மரம், பழைய டொயோட்டா,
ஒரு குத்துவிளக்கு,
அதற்கு ஈடாக ஒரு தையல் மெஷின்.
மாமனார் கட்டிய தொட்டியை
ஒருவரும் எழுதச் சொல்லவில்லை.
அதன் மூடி நடு முற்றத்தில் இருந்தது.
நடு முற்றத்தில்தான் சுவரும் வந்தது.
அதன்பின் யாரும் திறக்கவில்லை.
திறந்தால் யார் பணம் கொடுப்பது?

பேச்சும் நின்றது.
கடையில் என்னைக் கண்டால்
அம்பிகை அரிசி விலையைப் படிக்கத் தொடங்குவாள்.
நான் பருப்பு விலையை.

ஆனாலும் எனக்குத் தெரியும்.
ஐந்து மணிக்குச் சதாசிவன் குளிப்பார்,
எங்கள் குளியலறைத் துளையில்
நுரை எட்டிப் பார்க்கும்.
செவ்வாய், வெள்ளி அங்கே துணி துவைக்கிற நாள்.
சோப்புப் பொடியை மாற்றியதுகூடத் தெரியும்.
போன மாதம் ஓர் இரவு
இரண்டு மணி, மூன்று மணி, நாலரை,
ஓயாமல் களக், களக்.
யாருக்கோ வயிறு சரியில்லை.
பையனுக்கா?
எழுந்துபோய் ஓமம் வறுத்தேன்,
யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்.

ஒரு சனிக்கிழமை
போனதெல்லாம் திரும்பி வந்தது,
துளை வழியாக, கணுக்கால் வரை.
பக்கெட்டோடு முற்றத்துக்கு ஓடினேன்.
அந்தப் பக்கமும் ஒரு பக்கெட் சத்தம்.
"உங்களுக்குமா?" என்றது சுவர்.
"எங்களுக்கும்," என்றேன்.
ஆறு வருடத்தில் பேசியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை லாரி வந்தது.
கழிவு உறிஞ்சும் லாரிக்கு இந்த நாட்டில்
ஹனிசக்கர் என்று பெயர்,
தேன் உறிஞ்சி.
சிரிக்காதீர்கள்,
நம் பாஷையிலும் நாற்றம் என்பது
ஒரு காலத்தில் பூவுக்குச் சொன்ன சொல்தானே.
டிரைவர் தபானி
தும்பிக்கை தடிமன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு
மூடி எங்கே என்று கேட்டார்.
இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர்,
நாலு கையும் சுவரைக் காட்டின.
சுவரைப் பார்த்தார்.
எங்களைப் பார்த்தார்.
கடிகாரத்தைப் பார்த்தார்.

பூபாலன் சம்மட்டி எடுத்து வந்தார்.
அண்ணன் கையில் கடப்பாரை.
ஒன்பது கல் எடுத்தால் போதும் என்றார் தபானி.
நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.
பதினான்காவது கல் விழுந்தபோது
துண்டால் மூக்கைப் பொத்திய அம்பிகை,
கண் மட்டும்.

"பையனுக்கு வயிறு சரியாகிவிட்டதா?"
"அவனுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான்."

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.
அவள் வீட்டிலும் ஒரு துளை இருக்கிறதே.