ஓரங்குலம்

மின்ட் தெரு முனையில் சட்டம் போடும் கடை.
அந்தம்மா பிரித்த செய்தித்தாளுக்குள்
இருநூறு வருஷத்து ஆறு.
செம்புத் தகட்டில் கீறி எடுத்த அச்சாம்.
"ஜாக்கிரதை" என்றாள், மூன்று தரம்.
சோகன்லால் சேட்டு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
ஆற்றைப் பார்க்கவில்லை,
அளவைப் பார்த்தார்.

முக்கால் பங்கு வானம்.
இத்தனை மேகத்தை இந்த ஊரில் எவன் பார்த்தான்?
மிச்சக் கால் பங்கில்தான் ஊர்.
முதல் பாலத்துக்கு ஏழு கண்.
கல்லில் பாதி, தண்ணீரில் பாதி,
சேர்ந்து இமைக்காத முழுக் கண்கள்.
இரண்டாவது பாலம் தூரத்தில்,
வரைந்தவனுக்கே சந்தேகம்போலப் புகையாய்.

அடியோரம், முழங்கால் தண்ணீரில் ஒருவன்.
முதுகு மட்டும். தோளில் மூட்டை.
அவனுக்குப் பக்கத்தில்
பூச்சி அரித்த ஓட்டை, பட்டாணி அளவு.

"அது தெரியக் கூடாது" என்றாள்.
"மவுண்ட்டை ஓரங்குலம் ஏத்தி வெட்டு" என்றார் சேட்டு.

ஏற்றினால் ஓட்டை மறையும்.
கூடவே அவனும்.

பென்சில் கோடு போட்டேன். அழித்தேன்.
மசாலா பூரி தின்னப் போன இம்தியாஸ்
வாயைத் துடைத்தபடி வந்து கேட்டான்:
"இன்னாண்ணே, இன்னும் அதையே பாத்துனுகீற?"
"இவன் எங்கடா போறான்?"
"கரைக்கு."
படம் தெற்கே நின்று பார்க்கிறது.
அவன் போவது வடக்கே,
நாலு பனைக்கு அப்பால், மேகம் தொடங்கும் இடத்துக்கு.
குத்துமதிப்பாக, என் வீடு.

ராத்திரி பேசின் பிரிட்ஜ் மேல் சைக்கிளை நிறுத்தினேன்.
விளக்கெரியும் காலி ரயில் ஒன்று
கழுவப் போய்க்கொண்டிருந்தது.
கால்வாய் எதையும் திருப்பித் தருவதில்லை.
இங்கே பாலத்துக்குப்
பாதிக் கண்தான்.

காலையில் பழைய கணக்கு நோட்டில் ஒரு துணுக்கு கிழித்து
டீத் தண்ணியில் முக்கிக் காயவைத்து
மைதா பசையால் ஓட்டையை அடைத்தேன்.
அளவைக் கீழேயே விட்டு வெட்டினேன்.
சேட்டு பார்த்தார். பாக்கை மென்றார்.

சனிக்கிழமை அந்தம்மா வந்தாள்.
வெளிச்சத்துக்குத் திருப்பி, மேகத்தைப் பார்த்தாள்,
பாலத்தைப் பார்த்தாள்,
பிறகு நெடுநேரம் கீழே.
"இந்த ஆள் முன்னாடி இருந்தானா?"

"இருந்தாம்மா."

சேட்டு பில் எழுதினார்:
தேக்குச் சட்டம், கண்ணாடி, மவுண்ட், கூலி.
ஓட்டைக்கு ஒன்றும் போடவில்லை.