தண்ணீர்க் கழிவு

இருபத்தாறாம் வாரம்.
கோத்தகிரி ஆஸ்பத்திரித் தராசு அறுபத்தொன்று காட்டியது.
ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார் மெர்லின் சிஸ்டர்.
அறுபதரை.
அந்த அரைக் கிலோவை அடித்துவிட்டு எழுதினார்.

கழிவு எனக்குப் புதிதில்லை.
மூன்றாம் டிவிஷன் கொழுந்துக் கொட்டகையில்
ஏழு வருஷமாக நான்தான் நிறுவை.
வலைப்பைக்கு அரைக் கிலோ கழிவு,
மழை நாளென்றால் தண்ணீருக்கு இரண்டு.
"எலைய நனைச்சது நானா?
வானத்துக்கிட்ட புடிச்சுக்க" என்பாள் திலகா அக்கா.
ஐப்பசி முழுக்க இதே சண்டை.
நான் தலை நிமிராமல் இரண்டு என்று எழுதுவேன்.

சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து
இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.
இனிப்பு குமட்டியது.
சும்மா இருக்க முடியாமல்
என்னையே நிறுவையில் போட்டுப் பார்த்தேன்.
சித்திரையில் ஐம்பத்திரண்டு இருந்தேன்.
கூடிய எட்டரையில்
புது ரத்தம் கொஞ்சம், பனிக்குடத்து நீர் கொஞ்சம்,
நஞ்சுக்கொடி, மார்பு, இடுப்பு,
சோப்பு போட்டாலும் மோதிரத்தை விடாத விரல்.
எல்லாக் கழிவும் போக
மிச்சம் தொள்ளாயிரம் கிராம்.
எங்கள் ரிஜிஸ்டரில்
ஒரு கிலோவுக்குக் கீழே எழுதக் கட்டமே கிடையாது.

தொப்புள் வெளியே தள்ளிவிட்டது.
அதற்குக் கீழே ஒரு கருங்கோடு,
நான் தூங்கும்போது யாரோ சர்வே பண்ணிப் போன மாதிரி.
பல் துலக்கினால் நுரையில் சிவப்பு.
பிடித்துக் கிடந்த ஃபேக்டரி வாசம்
இப்போது நெஞ்சைக் கரிக்கிறது.
குவார்ட்டர்ஸுக்கு நாற்பத்து மூன்று படி.
ஒரே மூச்சில் ஏறியவள்
இருபதாவது படியில் நின்று
எதிர்ப்பக்கம் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் பார்க்கிறேன்.
எதிர்ப்பக்கம் பஸ்ஸே கிடையாது.
நடுராத்திரி ஆடுசதை முறுக்கிக்கொள்கிறது.
சந்திரமோகன் கண்ணைத் திறக்காமலே
என் பாதத்தைப் பிடித்து மேலே மடக்குவான்,
லாரியில் கொண்டை ஊசி வளைவுக்குக் கியர் மாற்றுகிற
அதே அலுப்போடு.

"இப்ப அதுக்குக் காது கேக்கும், யோகா"
என்று சிஸ்டர் சொன்னபோது நம்பவில்லை.

மறுநாள் நிறுவையின் நடுவில்
பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.
உள்ளே முழுசாக ஒரு துள்ளல்.
உதை மாதிரி இல்லை,
தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
உடம்பு தூக்கிப் போடுமே, அது.
பேனா நழுவி
திலகா அக்காவின் பதினெட்டு
இருபத்தெட்டாக விழுந்தது.
அவள் பார்த்தாள்.
நான் அடிக்கவில்லை.
அவள் என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள்,
காலிப் பையை உதறிக்கொண்டு போனாள்.
அன்றைக்கு மழைச் சண்டை இல்லை.

சாயங்காலங்களில் விக்கல் வருகிறது,
எனக்கில்லை, அதற்கு.
கடிகாரம் மாதிரி விட்டு விட்டு.
ஒருநாள் பத்தொன்பது எண்ணினேன்.
யாரோ நினைத்தால்தான் விக்கும் என்பார்கள்.
இன்னும் பெயர் வைக்காத ஒன்றை
யார் எப்படிக் குறிப்பிட்டு நினைப்பது?

நேற்று எங்கோ மண் சரிந்து
கரண்ட் போனது.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வெள்ளையாக நின்றது.
இமை பிரிகிற வாரம் இது என்று
எங்கோ படித்ததை நம்பி
சந்திரமோகன் என் வயிற்றில் டார்ச்சை வைத்து அழுத்தினான்.
தோல் மட்டும் சிவப்பாக எரிந்தது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு
மெதுவாக என்னவோ திரும்பியது.

"வெளிச்சத்துப் பக்கம் வந்துச்சா, விலகிப் போச்சா?"

எனக்குத் தெரியவில்லை.
"அணைங்க, பேட்டரி தீரும்" என்றேன்.
அணைத்தான்.
இருட்டில் நாங்கள் மூன்று பேரும்
முழித்தபடி கிடந்தோம் என்றுதான் நினைக்கிறேன்.